மூடிய லேப்டாப்பின் சூடு

அந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் தெர்மாமீட்டர். காதுபடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டு மாடிகளுக்கு அவள்தான் சூப்பர்வைசர். மற்ற சூப்பர்வைசர்கள் ஓர் அறைக்குள் நுழைந்தால் கண்ணால் பார்ப்பார்கள், இவள் கையால் பார்ப்பாள். டிவியின் முதுகில் உள்ளங்கையை வைப்பாள். தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் வயிற்றைத் தொடுவாள். இஸ்திரிப் பெட்டி, மேசை விளக்கு, கட்டிலோரம் என்று எதையும் விட்டுவைக்கமாட்டாள். விருந்தாளி காலையிலேயே காலி செய்துவிட்டுப் போன அறையில் டிவி வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே போனவள் கதவைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். அதற்கு மேல் விசாரணை கிடையாது. வாய் பொய் சொல்லும், கண்ணீர்கூடப் பொய் சொல்லும், சூடு பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

இந்தக் கட்சியை அவள் ஓட்டலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இங்கே சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் வீட்டிலும் விசாரிக்க ஓர் ஆள் இருந்தான். அவளுடைய கணவன்.

அவனும் ஒரு காலத்தில் நல்ல வேலையில் இருந்தவன்தான். பெரிய அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலை. கணினியில் பணம் கட்டி ஆடுகிற சீட்டாட்டம் எப்போது உள்ளே நுழைந்ததோ தெரியாது. முதலில் மதிய இடைவேளையில், பிறகு வேலை நேரத்தில், கடைசியில் வேலையே அதுவாகிப் போனது. அலுவலகம் வெளியே அனுப்பியது. அதன் பிறகும் கொஞ்ச காலம் தினமும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு அவன் வேலைக்குப் போவதாகவே கிளம்பிக்கொண்டிருந்தான். இவளும் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சீட்டாடியதைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. இல்லாத வேலைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த தன் கைகளை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

விஷயம் தெரிந்ததும் அவளுடைய அண்ணன் வந்தார். அவர் சத்தம் போடுகிற ரகமில்லை. மாப்பிள்ளையைக் கூடத்தில் எதிரே உட்கார வைத்து, ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்.

“இன்னொரு தடவை ஆடினீங்கன்னு தெரிஞ்சா, அன்னைக்கே வந்து என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிடுவேன் மாப்பிள்ளை. அப்புறம் இந்த வீட்டு வாசல்ல அவ கால் வைக்க மாட்டா.”

அவன் தலையாட்டினான். சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவளும் தலையாட்டினாள். அன்றே அவன் தன் தொடுதிரை போனை அவளிடம் கொடுத்துவிட்டு, பேசுவதற்கு மட்டும் ஆகிற ஒரு பட்டன் போனை வாங்கிக்கொண்டான். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் காலை வேளைக்கு மட்டும் வேலை கிடைத்தது. மதியம் வீட்டுக்கு வந்து துவைப்பான், காய் நறுக்குவான், சாயங்காலம் அவள் வருவதற்குள் சமையலை முடித்து வைத்திருப்பான். மாதங்கள் இப்படியே நல்லபடியாக ஓடின. ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து, பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டான் என்று அவள் உள்ளூரச் சந்தோஷப்பட்டதும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் லேப்டாப் வந்தது. மேனேஜர் பதவிக்கு அவள் ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது, பாடமெல்லாம் கணினி வழியாகத்தான். கடைக்காரர் அப்போதுதான் வெளியாகியிருந்த ஒரு மாடலை எடுத்துக் காட்டினார். வெள்ளி நிறம், தட்டு மாதிரி மெலிசு. அவளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவன்தான், புதுசா வந்த மாடல் வேண்டாம், நாலு பேர் வாங்கிப் பார்க்கட்டும், கொஞ்சம் போகட்டும் என்று முனகினான். வீட்டில் கணினி வந்தாலே தன் மேல் சந்தேகம் வரும் என்று பயப்படுகிறானோ, இல்லை வேறு ஏதாவது மனதில் வைத்திருக்கிறானோ என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கேள்வியை விழுங்கிக்கொண்டு அதையே வாங்கினாள். கடவுச்சொல் போட்டாள். இதை அவன் தொடவே கூடாது என்று ஒரு சட்டமும் போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், பையை மேசை மேல் வைக்கும்போது பழக்கதோஷத்தில் லேப்டாப்பின் மூடி மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. வெதுவெதுப்பு இல்லை, அப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி நல்ல சூடு. முந்தின நாள் ராத்திரி பாடம் முடித்து அவள் கையாலேயே மூடி வைத்தது அது.

என்னங்க, லேப்டாப்பை எடுத்தீங்களா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். இல்லையே என்றான் அவனும் சாதாரணமாக, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். தலையைத் தூக்காமல் சொன்னதை அவள் கவனித்துக்கொண்டாள்.

மறுநாளும் சூடு. அதற்கடுத்த நாளும். காலையில் முழுசாக சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து திறந்தால் பேட்டரி பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உள்ளே போய்த் தேடிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திறக்கப்பட்டது, யார் நுழைந்தார்கள் என்பதற்கு ஒரு சுவடும் இல்லை, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே மனம் ஆறியிருப்பாள். ஆனால் இவள் ஓட்டல்காரி. அழுக்குக் கண்ணாடி டம்ளரை அவள் சந்தேகப்படமாட்டாள். பளபளவென்று இருக்கிற டம்ளரைத்தான் சந்தேகப்படுவாள், யாரோ குடித்துவிட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று. கம்ப்யூட்டரில் தடயத்தை அழிக்க அவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அதற்குத்தானே ஒரு காலத்தில் சம்பளம் வாங்கினான்.

அடுத்த தடவை அவள் நேராகவே கேட்டுவிட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றான்.

“சத்தியமா நான் தொடலை. மூடினா அது தூங்கணும். இது தூங்காம உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குன்னு நினைக்கிறேன். புது மாடல்ல இப்படி ஏதாவது கோளாறு வரும். ஒரு பத்து நிமிஷம் குடு, நான் பாத்துடறேன்.”

லேப்டாப்பை அவன் கையில் கொடுப்பதா? நல்ல கதையாக இருக்கிறதே என்று அவள் நினைத்தாள். மூடி வைத்த மெஷின் தானாக ஓடுமாம், அதைச் சரிசெய்ய இவனிடமே தூக்கிக் கொடுக்க வேண்டுமாம். காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு உண்டு. கடைக்குக் கொண்டுபோய்க் கேட்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் இவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தில் அதையும் தள்ளிப் போட்டாள். வேலைக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. ஓட்டலில் பணியாளர் வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், சொந்த லேப்டாப் உள்ளே போகக் கூடாது.

அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்காணிக்க ஆரம்பித்தாள். ஓட்டலில் அவள் செய்கிற ஒரு வேலை உண்டு. எந்த அலமாரியை யார் திறக்கிறார்கள் என்று பார்க்க, கதவிடுக்கில் மெல்லிய நூல் ஒன்றைச் செருகி வைப்பாள். அதையே இங்கேயும் செய்தாள். லேப்டாப்பின் பின்பக்க விளிம்பில் ஒரு நூலைப் படிய வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் நூல் தரையில் கிடந்தது. அங்கேதான் சூடான காற்று வெளியே வருகிற துளைகள் இருக்கின்றன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தரையில் கிடந்த நூலைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடித்த மாதிரியும் இருந்தது, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது.

மறுநாள் லேப்டாப்பைப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வந்து திறந்து கையை வைத்தால், துணியெல்லாம் அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி சூடாக இருந்தது. எந்த மனுஷியும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பாள். பூட்டிய பீரோவுக்குள் யார் போய் உட்கார்ந்து சீட்டாடுவது? இவளும் யோசித்தாள். யோசித்து, மாற்றுச் சாவி செய்து வைத்திருக்கிறான் என்ற முடிவுக்கு வந்தாள். சந்தேகம் என்பது அப்படிப்பட்ட சனியன், தன்னைப் பொய்யென்று காட்ட வந்ததையும் தனக்கே சாட்சியாக இழுத்துக்கொள்ளும்.

அன்று வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது, அவள் மட்டும்தான் பேசினாள். பழைய பொய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். எத்தனை தடவை அம்மா மேல் சத்தியம், எத்தனை தடவை என் மேல் சத்தியம் என்று கேட்டாள். சாவி எங்கே என்று அவன் சட்டைப் பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு பேருந்துச் சீட்டும், ஜெராக்ஸ் கடையின் ரப்பர் வளையமும்தான் விழுந்தன. அவன் குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டான்.

“நான் என்ன சொன்னா நீ நம்புவே?” என்று கேட்டான்.

அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

அதற்குப் பிறகு அவன் மறுப்பதை நிறுத்திவிட்டான். சூடாக இருக்கிறது என்று அவள் சொன்னால், ம் என்பான். அந்த ம் அவளுக்கு ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டது. பூட்டியும் பிரயோஜனமில்லை என்று லேப்டாப்பை மறுபடி மேசை மேலேயே விட்டாள். அண்ணனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். அவனை விட்டுப் போக அவளுக்குத் துளியும் மனமில்லை. ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை ஓட்டலில் ஒரு பெண் ஓடி வந்து அவளைக் கூப்பிட்டாள். மாடியிலேயே பெரிய வாயாடி என்று பெயரெடுத்தவள், அன்று வாங்க என்ற ஒரே வார்த்தையோடு ஓர் அறைக்கு அழைத்துப் போனாள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் தங்கியிருந்த அறை. விருந்தாளி காலையிலேயே வெளியே போயிருந்தார். வெள்ளைப் படுக்கை விரிப்பின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. அவருடைய கறுப்புப் பை பக்கத்தில் கிடந்தது. விரிப்பை மாற்றுவதற்காகப் பையை நகர்த்தினேன், அடியில் இப்படி இருந்தது, வேறொன்றும் எனக்குத் தெரியாது என்றாள் வாயாடி.

தெர்மாமீட்டர் நேராக அறை அலமாரிக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. குளிர்ந்திருந்தால் என்ன, ஆற வைத்திருப்பாள். விருந்தாளியின் கட்டில் மேலேயே போட்டுத் தன் சீருடைக்கு இஸ்திரி போட்டிருக்கிறாள், கருகியதும் மேலே பையை வைத்து மறைத்திருக்கிறாள். எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரி வரிசையாக வந்து நின்றது. மேனேஜர் அறைக்கு நட என்றாள். அந்தப் பெண் இல்லை மேடம், இல்லை மேடம் என்று இரண்டே தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ம் என்றாள்.

அந்த நேரம் பார்த்து விருந்தாளி அறைக்குள் வந்தார். விரிப்பைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அய்யோ, இங்கேயும் வேலையைக் காட்டிடுச்சா என்றபடி, பையைத் திறந்து உள்ளே இருந்ததைக் கைக்குட்டையால் பிடித்து வெளியே எடுத்தார். வெள்ளி நிறம், தட்டு மாதிரி மெலிசு.

“மன்னிச்சுக்கோங்க மேடம், இது என் தப்பு. இது புது மாடல். மூடி வச்சாலும் தூங்காம உள்ளேயே ஓடுது. காலையிலதான் கம்பெனிக்காரங்களே மெசேஜ் அனுப்பியிருக்காங்க, பைக்குள்ள வைக்காதீங்க, படுக்கை மேல வைக்காதீங்க, திருப்பிக் கொண்டு வாங்கன்னு. நான்தான் மறந்து வச்சுட்டுப் போயிட்டேன்.”

போனை நீட்டிக் காட்டவும் செய்தார். அவள் வாங்கிப் படித்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை, திரும்ப முதலிலிருந்து படித்தாள். மூடிய நிலையிலும் இயக்கம் தொடரும் குறைபாடு, அதிக வெப்பம், பேட்டரி விரைவில் தீர்ந்துபோதல். அவன் சொன்னதேதான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்று அவன் சொன்ன அதே விஷயத்தைத்தான் கம்பெனி எழுத்துத் தமிழில் சொல்லியிருந்தது.

வாயாடியிடம், போம்மா, உன் மேல தப்பில்லை என்றாள். அந்தப் பெண் கருகிய விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

தலைவலி என்று சொல்லி மதியமே கிளம்பிவிட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். வர வேண்டாம், அவர் ஆடவேயில்லை, மெஷின்தான் கோளாறு என்று மூச்சு விடாமல் சொன்னாள். நல்லா விசாரிச்சியா என்று அண்ணன் கேட்டார். எழுத்திலேயே பார்த்தேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சந்தோஷம் அவள் குரலில் தெறித்தது. வெட்கமும் இருந்தது. காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடலாம் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு போக வேண்டியதில்லை, இந்த வீடும் இந்த மனுஷனும் தனக்கு மிச்சம் என்று நினைக்க நினைக்க, பேருந்து ஊர்கிற மாதிரி தோன்றியது.

கதவைத் திறந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் அவளை எதிர்பார்க்கவில்லை, முகம் வெளுத்துப் போனது. அவள் அதைக் கவனிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். மருந்துப் பிரதிநிதி, படுக்கை விரிப்பு, கம்பெனியின் மெசேஜ் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். நூல் வைத்ததைச் சொன்னாள். சாவியைத் தேடியதற்கு, சட்டைப் பையைக் கவிழ்த்ததற்கு, அண்ணனை வரச் சொன்னதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டாள். நீங்க சொன்னது அத்தனையும் உண்மைங்க, நான்தான் பாவி என்றாள்.

அவன் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தான். பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தான்.

“அழாதே” என்றான். “முதல்ல எல்லாம் மெஷின்தான். நீ கேட்டப்ப எல்லாம் நான் தொடவே இல்லை. இந்த ஒரு வாரமா நான்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“நீ என் சட்டைப் பையைக் கவிழ்த்துப் பாத்தே இல்ல, அதுக்கு மறுநாள். ஆடினாலும் ஒண்ணுதான், ஆடலைன்னாலும் ஒண்ணுதான்னு தோணுச்சு. உன் பாஸ்வேர்டு கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. இன்னைக்கும் இவ்வளவு நேரம் ஆடிட்டுத்தான் எழுந்து வந்தேன். நீ இப்ப வந்து சொன்னதும் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். கம்பெனியே எனக்காகச் சாட்சி சொல்லுது. ஆனா நீ மன்னிப்புக் கேக்கறதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியலை.”

மேசை மேல் லேப்டாப் இருந்தது. அவன் ஆடியிருந்தாலும் அது சுடும், ஆடாமல் இருந்திருந்தாலும் சுடும். எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

பைக்குள் போன் அடித்தது. அண்ணன்தான். அவருக்கு மனம் ஆறவில்லை போலிருக்கிறது, ஒரே வார்த்தையில் சொல்லு, ஆடினாரா இல்லையா என்று கேட்டார். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் வாய் வரைக்கும் அது வந்தது.

“ஆடினாராம் அண்ணா. அவரே சொன்னாரு.”

அண்ணன், சரி, அப்ப ஞாயித்துக்கிழமை வர்றேன் என்றார். அவள் வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

“ஒரு வாரம்தான்” என்றான் அவன் மெதுவாக. “அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட இல்லை. இதையாவது நம்புறியா?”

“நம்புறேன்” என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவன் நல்லவனாக இருந்த நாட்களில் எத்தனை தடவை கெஞ்சியும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது என்று. முகத்தை மூடிக்கொண்டு அவள் பெரிதாக அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் வந்து உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல், மடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எழுந்து நின்றான்.